சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க சாஃப்ட் பிளாஸ்டிக் ஜெர்க்பெய்ட்டில் பாஸ் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்த்தேக்கக் கரையில் தூண்டிலோடு நிற்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்த இரையைப் பற்றிக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை அமெரிக்க ஏரிகளையும் நான்கு பருவங்களையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. இங்கே மழை, காற்று, தண்ணீரின் தெளிவு இந்த மூன்றும்தான் நாட்காட்டி. அதற்கேற்ற பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

சாஃப்ட் பிளாஸ்டிக் ஜெர்க்பெய்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சிறு மீனின் உடல்வாகில் மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்த இரை. கிராங்க்பெய்ட் என்ற கெட்டி இரையில் இருப்பது போன்ற முன்தகடு இதில் கிடையாது, தானாக அடித்துக்கொள்ளும் வாலும் கிடையாது. சும்மா சுற்றி இழுத்தால் நேராக வந்து சேரும், எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. அதற்கு உயிர் கொடுப்பது உங்கள் மணிக்கட்டுதான். தொய்வான நரம்பை, அதாவது தூண்டில் இழையை, சுண்டினால் ஒரு பக்கமாகப் பாயும். அடுத்த சுண்டலில் மறுபக்கம் பாயும். விட்டுவிட்டால் உடல் லேசாக ஆடியபடி இறங்கும். காயம்பட்டுத் திசை தெரியாமல் திணறும் மீன் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஹெர்ப் ரீட் வடிவமைத்த ஸ்லக்-கோ என்ற இரைதான் இந்த வகைக்கு வழி திறந்தது. இன்று பலரும் முதலில் வாங்குவது ஜூம் நிறுவனத்தின் சூப்பர் ஃப்ளூக். ஐந்தேகால் அங்குல நீளம், பிளவுபட்ட வால், வயிற்றில் தூண்டில் முள்ளை வாங்கிக்கொள்ள ஒரு பள்ளம். இங்குள்ள கரைகளில் எந்த நிறுவனத்தின் இரையாக இருந்தாலும் அந்த உருவத்தில் இருந்தால் ‘ஃப்ளூக்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எந்த பாஸ்?

பெரும்பாலும் பீகாக் பாஸ். கரையில் ‘பிபி’ என்றால் எல்லோருக்கும் புரியும். தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த மீன், மனிதர்கள் விட்டதால் இங்கே பெருகிவிட்டது. அமெரிக்கர்கள் பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸுக்கும் இதற்கும் குடும்ப உறவு இல்லை. இது நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனின் உறவு. அந்த உறவு தூண்டிலுக்கும் முக்கியம்: ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காக்கும், தன் எல்லைக்குள் வரும் எதையும் பசி இல்லாவிட்டாலும் தாக்கும்.

அடுத்து, கொடுவா. மலாய்க்காரர்கள் சியாகாப் என்பார்கள், ஆங்கிலத்தில் இதுவும் ஒரு பாஸ்தான். உப்பு நீர், நன்னீர் இரண்டிலும் வாழும். அப்புறம் தோமான், அதாவது விரால் குடும்பத்தின் பெரிய மீன். அது பாஸ் இல்லை, ஆனால் உங்கள் ஃப்ளூக்கைப் பாதியாகக் கடித்து எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அதுதான்.

ஊரில் கண்மாயில் மண்புழுவும் தவளையும் வைத்து விரால் பிடித்துப் பழக்கம். இங்கேயும் அப்படிச் செய்யலாமா?

நீர்த்தேக்கங்களில் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிப்படி செயற்கை இரை மட்டும்தான். மண்புழு, இறால், மைதா உருண்டை எதுவும் ஆகாது. நாம் குடிக்கிற தண்ணீர் அது. ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் நண்பர்களோடு வரும் தம்பிகள் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்கள் கரையிலேயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

உயிர் இரையில் பழகிய கைக்கு ஃப்ளூக் சீக்கிரம் வசப்படும் என்பது என் கருத்து. மீன் எங்கே ஒதுங்கும், எப்போது இரை தேடும் என்கிற அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கற்க வேண்டியது சுண்டுவதை மட்டும்தான்.

வசந்தத்தில் இப்படி, இலையுதிர் காலத்தில் அப்படி என்று அமெரிக்க வீடியோக்களில் சொல்கிறார்களே, அது இங்கே பொருந்துமா?

அவர்கள் ஊரில் அது உண்மை. லார்ஜ்மவுத் பாஸின் வாழ்க்கையே தண்ணீரின் வெப்பத்தைச் சுற்றி நடக்கிறது. குளிர் காலத்தில் ஆழத்தில் அசையாமல் கிடக்கும், இரையை மிக மெதுவாக ஆட்டி, நெடுநேரம் நிறுத்தி வைக்க வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் 15, 16 டிகிரியைத் தாண்டும்போது முட்டையிட ஆழம் குறைந்த மேட்டுக்கு வரும். முட்டையிட்ட பின் களைத்துக் கரையோரம் சுற்றும் மீனுக்கு எடை சேர்க்காத ஃப்ளூக்கைப் போல ஒத்துவரும் இரை குறைவு. கோடையில் அதிகாலையும் மாலையும். இலையுதிர் காலத்தில் ஷாட் என்கிற சிறு மீன் கூட்டங்களைத் துரத்தும், அப்போது வேகமாக இழுக்கலாம். ஆக, அவர்களுக்கு மாதம் தெரிந்தால் தண்ணீரின் வெப்பம் தெரிந்துவிடும், வெப்பம் தெரிந்தால் இரையின் வேகம் தெரிந்துவிடும்.

நமக்கு அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. பகல் நேரத்தின் நீளம் ஆண்டு முழுவதிலும் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. சூரியன் எப்போதும் காலை 7 மணியை ஒட்டியே உதிக்கிறது. நீர்த்தேக்கத்தின் மேல்நீர் எந்த மாதத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பீகாக் பாஸுக்கு வேண்டியதும் அதுதான். ஃபுளோரிடாவின் தென்கிழக்குக் கால்வாய்களில் 1984இல் அரசே இந்த மீனை விட்டது. தண்ணீர் 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் செத்துப்போகும் என்பதால் அங்கே வடக்கே அது பரவ முடியவில்லை. இங்கே அந்தத் தடையே கிடையாது. எல்லா மாதமும் இரை எடுக்கும், ஆண்டின் எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு ஜோடி குஞ்சோடு இருக்கும்.

ஆகவே ‘இது எந்த மாதம்’ என்பதைவிட ‘நேற்று மழை பெய்ததா, காற்று எந்தக் கரையில் அடிக்கிறது, என் இரை எத்தனை அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது’ என்பவைதான் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள்.

அப்படியானால் நம் ஆண்டை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பருவமழையை வைத்துத்தான்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழு வேகத்தில் இருக்கும். ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் அது, சில சமயம் நாள்கணக்கில் விடாது. ஓடைகளும் வடிகால்களும் சேரும் வாய்களில் தண்ணீர் கலங்கி, தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். பீகாக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், சேற்றுத் தண்ணீரில் அது திணறும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு ஒன்று தண்ணீரில் தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் இரையைப் போடுங்கள். அடித்துக்கொண்டு வரப்படும் சிறு மீனுக்காக அங்கே பெரிய மீன் காத்திருக்கும். வெள்ளை அல்லது முத்து நிறத்தில், சற்றுப் பெரிய ஃப்ளூக். சுண்டலைக் குறைத்து, இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். வானிலைச் சொற்களில் இது நம் ‘குளிர்காலம்’. ஆனால் மெதுவாக ஆட்டுவதற்குக் காரணம் குளிர் இல்லை, மீனுக்குப் பார்வை எட்டாததுதான்.

பிப்ரவரியில் மழை சட்டென்று குறையும், ஆண்டின் மிக வறண்ட மாதம் அதுதான். காற்று மட்டும் பலமாக அடிக்கும், தண்ணீர் தெளியும். எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. காற்று மோதும் கரையில் நில்லுங்கள், எதிர்க்காற்றில் எறிவது கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை. அலை சிறு மீன்களை அந்தக் கரைக்குத் தள்ளுகிறது, நீர்ப்பரப்பு கலைந்திருப்பதால் உங்கள் நிழலையும் மீன் பார்ப்பதில்லை. எடையில்லாத ஃப்ளூக்கைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் ஆணி வடிவ ஈயம் ஒன்றை உடலுக்குள் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் இடைப்பருவம். காலையில் கண்ணாடி போலத் தண்ணீர், மதியத்துக்கு மேல் இடி மழை. காலை முதல் இரண்டு மணி நேரம்தான் தூண்டிலுக்கு. காற்றில்லாத தெளிந்த நீரில் மெல்லிய லீடர் (நரம்பின் நுனியில் இரைக்கு முன் கட்டும் தனி இழை), 4 அங்குல ஃப்ளூக், தூரத்து எறிதல். இரை ‘தொப்’ என்று விழுந்தால் பக்கத்தில் இருக்கும் மீன் ஓடிவிடும், ஆகவே மீன் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போட்டு உள்ளே கொண்டு வாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து புயற்காற்றும் மழையும் திடீரென்று வந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அது போன பின் வானம் மூடியிருக்கும் காலை வேளை கிடைத்தால் விடாதீர்கள். மேகமூட்டத்தில் மீன் மேலே வரும், வெகு நேரம் வரை இரை எடுக்கும்.

ஒரு நாளில் எந்த நேரம் நல்லது?

பீகாக் பாஸுக்கு வெளிச்சம் வேண்டும். விடிந்ததிலிருந்து 10 மணி வரை, மறுபடி மாலை 4 மணிக்கு மேல். இருட்டிய பின் அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. கொடுவா அதற்கு நேர்மாறு, மாலை மங்கியதும்தான் சுறுசுறுப்பாகும். நண்பகலில் போயே தீர வேண்டும் என்றால் மரநிழல், மிதவை மேடையின் அடி, படித்துறை ஓரம் என்று நிழல் விழும் இடமாகப் பாருங்கள்.

புழு வடிவ இரைதான் எங்கும் கிடைக்கிறது. அது போதாதா?

லார்ஜ்மவுத்துக்குப் போதும். பீகாக் பாஸ் அடிமட்டத்தில் மெதுவாக நகரும் பிளாஸ்டிக் புழுவை அரிதாகவே எடுக்கும், அதற்கு வேண்டியது தப்பி ஓடும் மீன். ஜெர்க்பெய்ட் இந்த ஊருக்கு ஏற்றது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

ராடு, ரீல், நரம்பு எப்படி இருக்க வேண்டும்?

ஆறரை அல்லது ஏழு அடி, மீடியம் வகை ராடு, நுனி வேகமாகத் திரும்ப வேண்டும். 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். எடையில்லாத இரையை எறியப் பெய்ட்காஸ்டர் என்ற உருளை ரீலைவிட இதுவே எளிது. பின்னிய நரம்பான பிரெய்டு, 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்குவது.

லீடரில்தான் கவனம் வேண்டும். ஃபுளோரோகார்பன் என்ற இழை தண்ணீரில் மூழ்கும், நீளமாகக் கட்டினால் ஃப்ளூக்கின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். இரை மேல்நீரில் வழுக்கிப் போக வேண்டும் என்றால் மோனோ என்ற நைலான் இழையைக் கட்டுங்கள், அல்லது ஃபுளோரோகார்பனைக் கையளவு குட்டையாக வையுங்கள். பீகாக் பாஸுக்கு அறுக்கும் பல் இல்லை, அதன் உதடு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். 16 பவுண்டு போதும். கொடுவா கிடைக்கும் தண்ணீரில் 30 பவுண்டுக்குக் குறையாதீர்கள், அதன் செவுள் மூடியின் ஓரம் நரம்பை அறுத்துவிடும்.

முள்ளை எப்படிக் கோப்பது? என் ஃப்ளூக் சுழன்று சுழன்று வருகிறது.

சுழல்வதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான், இரை முள்ளில் நேராக உட்காரவில்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

கண்ணுக்கு அருகே மடிப்பும் அகன்ற வளைவும் உள்ள ஆஃப்செட் முள் எடுங்கள். 5 அங்குல ஃப்ளூக்குக்கு 4/0 அளவு, 4 அங்குலத்துக்கு 2/0 அல்லது 3/0. முள்ளின் கூரை மூக்கின் நடுவில் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே போனதும் தாடைப் பக்கமாக வெளியே எடுங்கள். முள்ளின் கண் மூக்குக்குள் மறையும் வரை இழுத்து, அரைவட்டம் திருப்புங்கள். இப்போது முள் இரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கும். அவசரப்பட்டுக் குத்த வேண்டாம். இரையைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு உடலில் எந்த இடத்தில் படுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை நகத்தால் அடையாளம் செய்து, அங்கே வயிற்றுப் பள்ளத்தில் குத்தி முதுகின் நடுக்கோட்டில் வெளியே எடுங்கள். பிறகு கூர் மட்டும் முதுகுத் தோலுக்குள் லேசாக மறையும்படி செருகுங்கள். புல்லிலும் கிளையிலும் சிக்காது, மீன் கடித்து அமுக்கினால் கூர் வெளியே வரும்.

கையில் பிடித்து மேலிருந்து பாருங்கள். உடல் எங்கேயும் வளைந்தோ சுருங்கியோ இருந்தால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் இரைக்கு ஒரு முழம் மேலே சுழலும் சிறு இணைப்பான சுவிவல் ஒன்று கட்டிவிடுங்கள், நரம்பு முறுக்கேறுவதாவது நிற்கும்.

எப்படி ஆட்டுவது?

ராடின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். நரம்பில் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். அந்தத் தொய்வைத்தான் சுண்ட வேண்டும், இரையை இழுக்கக் கூடாது. சுண்டிய உடனே நுனியை முன்னால் கொண்டுபோய் மீண்டும் தொய்வு கொடுத்தால்தான் இரை பக்கவாட்டில் வழுக்கும். நரம்பு விறைப்பாகவே இருந்தால் இரை உங்களை நோக்கி நேராகத் துள்ளி வரும், அவ்வளவே. இதைக் கரையோரம் தெளிந்த தண்ணீரில் கண்ணால் பார்த்தபடி பழகுங்கள். கை கற்றுக்கொண்ட பிறகு தூரத்தில் எறியலாம்.

தாளம் என்று பார்த்தால், லார்ஜ்மவுத்துக்கு இரண்டு சுண்டல், பிறகு இரை இறங்கும்படி நல்ல நிறுத்தம் என்பது வழக்கம். பீகாக் பாஸுக்கு நான் நான்கைந்து வேகமான சுண்டல் கொடுத்து, ஒரு நொடி மட்டும் விட்டு, உடனே தொடர்வேன். தெளிந்த நீரில் இதற்கு வேகம் அதிகம் என்பதே கிடையாது, அதன் கண்ணும் உடலும் அதற்கேற்றவை. கலங்கிய நீரிலும் கொடுவாவுக்கும் நிறுத்தத்தைக் கூட்டுங்கள். இரை இறங்கும் நேரத்தில்தான் கடி வரும், ஆகவே அப்போது கண் நரம்பின் மேல் இருக்க வேண்டும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ இறங்குவது பாதியில் நின்றாலோ மீன் வாயில் எடுத்துவிட்டது என்று பொருள்.

மீன் பின்னாலேயே கரை வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. என்ன செய்வது?

பலரும் அந்த நேரத்தில் இரையை நிறுத்திவிடுகிறார்கள். பீகாக் பாஸுக்கு முன் இரை அசையாமல் நின்றால் அதன் ஆர்வம் போய்விடும். தப்பி ஓடுவது போல் வேகத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். அப்படியும் எடுக்காவிட்டால் அடுத்த எறிதலில் சிறிய இரைக்கு மாறுங்கள், நிறத்தையும் மாற்றுங்கள். பெரும்பாலும் ஒன்றன் பின்னால் இன்னொன்று வரும், திரும்பிப் போன மீனைக் கவனிக்கும்போது பக்கத்தில் நிற்கும் ஜோடியையும் பாருங்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து போயிருந்தால், ஒருவர் மீனைக் கொண்டுவரும்போது மற்றவர் அதன் பின்னால் ஃப்ளூக்கைப் போட்டால் துணை மீன் எடுக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடி தெரிகிறது, இழுத்தால் முள் பிடிப்பதில்லை.

கடித்ததும் உடனே இழுப்பதுதான் பொதுவான காரணம். தொய்வை வேகமாகச் சுற்றி எடுங்கள், மீனின் கனம் கையில் தெரிந்ததும் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். கண்ணெதிரே மேல்நீரில் அடிக்கும் மீனிடம் இது இன்னும் முக்கியம், அடி தெரிந்த கணத்திலேயே கை தூக்கிவிடும். முள்ளின் கூரை நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது என்று பொருள். வால் மட்டும் கிழிந்து வந்தால் அது சிறு மீன், அல்லது தோமான்.

நிறம்?

தெளிந்த நீருக்கு இயற்கை நிறம், கலங்கலுக்கு வெள்ளை அல்லது பளிச்சென்ற நிறம். இதற்கு மேல் யோசிக்கும் நேரத்தில் இன்னும் நாலு முறை எறிந்துவிடலாம்.

எங்கே பிடிக்க அனுமதி?

பிடோக், லோவர் சிலேத்தார், லோவர் பியர்ஸ், கிராஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கென்று குறித்துவிட்ட கரைப் பகுதிகள் இருக்கின்றன. நீர்த்தேக்கம் முழுவதும் அனுமதி என்று அர்த்தமில்லை. அனுமதித்த பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து நில்லுங்கள். விதியை மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று அக்கறையோடு சொல்கிறேன். போகும் முன் கழகத்தின் இணையத்தளத்தில் இடப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குணம். பிடோக் ஒரு காலத்தில் மணல் தோண்டிய குழி, கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிவிடும், ஆகவே கரைக்கு இணையாக இரையைக் கொண்டுவருவது பலன் தரும். லோவர் சிலேத்தாரும் கிராஞ்சியும் ஆற்று வாயை அடைத்துக் கட்டியவை, அங்கே மேடும் புல்லும் உள்ள ஓரங்களைத் தேடலாம். லோவர் பியர்ஸில் குரங்குகள் பையைத் திறந்துவிடும், உணவை வெளியே வைக்காதீர்கள்.

பின்னால் நடைபாதையில் ஆட்களும் சைக்கிளும் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்த பிறகே எறிய வேண்டும்.

ஆரஞ்சு நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு பெரிய மீன் நிற்கிறது. போடலாமா?

அது பெரும்பாலும் தோமான். பீகாக் பாஸும் குஞ்சைச் சுற்றி இப்படிக் காவல் நிற்கும். அப்போது இரையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும், அதனால்தான் பலருக்கு ஆசை. நான் போடுவதில்லை. பெரிய மீன் கையில் இருக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் சுற்றியுள்ள மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். காவல் மீனைத் தாக்கவைப்பதில் தூண்டில்காரரின் திறமையும் பெரிதாக இல்லை.

இவை அயல் மீன்கள்தானே? இவ்வளவு அக்கறை எதற்கு?

நியாயமான கேள்வி. இவை இங்கே வந்திருக்கக் கூடாத மீன்கள், உள்ளூர்ச் சிறு மீன்களுக்கு இவற்றால் பாதிப்பு உண்டு. ஆகவே ஒரு நீர்நிலையில் பிடித்ததை உயிரோடு இன்னொன்றுக்குக் கொண்டுபோவதை யாரும் செய்யக் கூடாது. மீன்தொட்டியில் வளர்த்ததை நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம். விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதற்காகவே பிரசாரம் நடத்துகிறது. அதே சமயம், கையில் இருக்கும் உயிரை வதைக்காமல் நடத்துவது வேறு விஷயம். முள் கழன்று வராமல் தடுக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துப் பிடியுங்கள், சூடான கான்கிரீட்டில் மீனைக் கிடத்தாதீர்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள்.

கிழிந்த இரையை என்ன செய்வது? புதியதை எப்படி வைத்துக்கொள்வது?

கிழிந்ததைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் சேருங்கள். தண்ணீரில் விட்டால் மீன் விழுங்கும், அது செரிக்காது. அறுந்த நரம்பு இன்னும் மோசம், கொக்கும் மீன்கொத்தியும் உடும்பும் அதில் மாட்டிக்கொண்டு சாகின்றன. நீர்நாய்க் குடும்பங்கள் நடமாடும் கரைகளில் இதை விட்டுவிட்டு வருவதை மன்னிக்கவே முடியாது.

புதியவற்றை வாங்கிய உறையிலேயே வையுங்கள். இவை பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக், எண்ணெய் சேர்த்து மென்மையாக்கியது. வேறு வகை மென்பிளாஸ்டிக்கோடு ஒரே உறையில் போட்டால் இரண்டும் ஒட்டி உருகிவிடும், சில டப்பாக்களையும் அரித்துவிடும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் வால் வளைந்துபோகும். வளைந்ததைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் முக்கி, தட்டையான இடத்தில் நேராகக் கிடத்தி ஆறவிட்டால் பழைய வடிவம் வந்துவிடும். இன்னொன்று: சூட்டில் பிளாஸ்டிக் மேலும் இளகும், ஆகவே இங்கே மூக்கு சீக்கிரம் கிழியும். கொஞ்சம் கெட்டியான வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

விடுமுறைக்கு ஜப்பான் போகிறேன். அங்கே உண்மையான லார்ஜ்மவுத் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், இதே ஃப்ளூக்குகளையும் எடுத்துப் போகலாம். 2009 ஜூலை 2 அன்று பிவா ஏரியில் மானாபு குரிதா பிடித்த பாஸ், 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் உலகச் சாதனையைச் சமன் செய்தது. ஆனால் அங்கே அது ஒழிக்க வேண்டிய அயல் மீன். உயிரோடு கொண்டுபோவது நாடு முழுக்கத் தடை. பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் பிடித்ததைத் திரும்ப விடவும் கூடாது, அதைப் போடுவதற்கென்றே கரையில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே மாதமும் தண்ணீரின் வெப்பமும் முக்கியம், மேலே சொன்ன அமெரிக்கப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 3 அங்குல ஃப்ளூக், எதிர்க்கூர் நசுக்கிய முள், குட்டையான ராடு. எல்லோருக்கும் தொப்பி, கண்ணாடி. நேராக முகத்துக்குத் தெறித்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பது அந்தக் கண்ணாடிதான். காலை 7லிருந்து 9 வரை போதும்.

இடி கேட்டால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், நீர்த்தேக்கக் கரையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்தான் அந்த வெட்டவெளியில் உயரமான பொருள். மழை இன்னும் வரவில்லையே என்று பார்க்க வேண்டாம், மின்னல் மழைக்கு முன்னாலேயே வரும். ராடைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போய்விடுங்கள். மரத்தடி ஆகாது, சுவரில்லாத கூரைக் கொட்டகையும் போதாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம்.